இன்கிலாப்: ஒரு சொல்லும் அதன் திசைகளும்

பயணத்திற்காக வாகனத்தில் அமர்ந்ததும் நாம் ஓதும் துஆ, 'லமுன்கலிபூன்' என்னும் சொல்லில் நிறைவடைகிறது (அல்குர்ஆன் 43:14). ஊர்வலங்களில் ஒலிக்கும் 'இன்கிலாப் ஜிந்தாபாத்' என்னும் முழக்கத்தின் முதற்சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததே. முன்னது இறைவனிடம் நாம் திரும்பிச் செல்லவிருப்பதை நினைவூட்டுகிறது. பின்னது சமுதாய அமைப்பை மாற்ற அழைக்கிறது. இவ்விரண்டையும் ஒரே சொல் எவ்வாறு தாங்குகிறது?

காஃப், லாம், பா என்னும் மூன்றெழுத்துகளே இதன் வேர். 'கலப' என்றால் புரட்டினான், உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பினான் என்று பொருள். 'இன்கலப' என்பது புரளுதலையும் திரும்புதலையும் குறிக்கும். அதன் தொழிற்பெயரே இன்கிலாப். இதயத்தைக் குறிக்கும் 'கல்ப்' என்ற சொல்லும் இவ்வேரைச் சார்ந்ததே. ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது என்னும் கருத்தை இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ தமது குர்ஆன் சொல்லகராதியில் பதிவு செய்துள்ளார்.

அல்குர்ஆனில் இவ்வினைச்சொல் நல்ல திசைக்கும் தீய திசைக்கும் ஆளப்படுகிறது. மறுமையில் வலக்கையில் ஏடு பெற்றவர் தம் குடும்பத்தாரிடம் மகிழ்வோடு திரும்புவதை இச்சொல்லே சுட்டுகிறது (84:9). நபி (ஸல்) அவர்கள் இறந்துவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுவீர்களா என்று உஹதுப் போரை ஒட்டி எழுப்பப்பட்ட வினாவிலும் இச்சொல்லே இடம்பெறுகிறது (3:144). கி.பி. 632இல் நபியவர்கள் மறைந்த நாளில், கலங்கி நின்ற மக்கள்முன் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஓதிக்காட்டியது இவ்வசனத்தைத்தான். புரளுதல் என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. எதை நோக்கிப் புரள்கிறது என்பதே கேள்வி.

சட்டக்கலை அறிஞர்கள் 'இன்கிலாபுல் ஐன்' என்னும் தொடரை ஆள்வர். ஒரு பொருளின் மூல இயல்பே மாறிப்போவதை அது குறிக்கும். மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையானது என்பது அறிஞர்களின் முடிவு. வேறொரு பொருளை இட்டு அவ்வாறு மாற்றினால் அது தூய்மையாகாது என்பர் ஷாஃபிஈகள். ஆகும் என்பர் ஹனஃபீகள். கருத்து வேறுபாடு இருப்பினும் ஒன்று தெளிவு: கலத்தை மாற்றுவதோ பெயரை மாற்றுவதோ இங்குக் கணக்கில் வராது. உள்ளிருப்பது மாறியிருக்க வேண்டும்.

வானியலில் கதிரவன் வடகோடியையும் தென்கோடியையும் எட்டித் திரும்பும் நாள்களுக்கும் அரபியில் இன்கிலாப் என்றே பெயர். அரசியலில் இச்சொல் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பாரசீகத்தில் அது புரட்சி. 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சி அச்சொல்லாலேயே அழைக்கப்படுகிறது. துருக்கியில் அது அத்தாதுர்க்கின் சீர்திருத்தங்களைக் குறித்தது. இன்றைய அரபியிலோ புரட்சிக்கு 'ஸவ்ரா' என்பர். இன்கிலாப் என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. நம் நாட்டில் மௌலானா ஹஸ்ரத் மோஹானி 1921இல் வடித்ததாக அறியப்படும் முழக்கத்தை, 1929 ஏப்ரல் 8 அன்று தில்லி மத்தியச் சட்டமன்றத்தில் பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் எழுப்பினர். 1944இல் கீழக்கரையில் சாகுல் ஹமீதாகப் பிறந்து 2016இல் மறைந்த கவிஞர் இன்குலாப், அச்சொல்லையே தம் பெயராகச் சூடிக்கொண்டார்.

தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் 'புரட்சி'யும் புரளுதலிலிருந்து பிறந்ததே. அதே வேரில்தான் ஏமாற்றைக் குறிக்கும் 'புரட்டு'ம் பிறந்திருக்கிறது. இரு மொழிகளும் ஒரே எச்சரிக்கையை விடுப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆட்சி புரளலாம், கொடி மாறலாம். அநீதி மட்டும் புதிய கைகளில் பழைய இயல்போடு தொடருமாயின், மாறியது கலம் மட்டுமே.

ஆகவே, ஒரு மாற்றத்தை இன்கிலாப் என்று வாழ்த்துமுன் இரண்டு வினாக்களை நாம் எழுப்பிக்கொள்ள வேண்டும். மூல இயல்பு மாறியதா? எத்திசையில் மாறியது? பிறருடைய மாற்றங்களுக்கு முன்பாக நம்முடைய 'கல்ப்' இவ்வினாக்களுக்கு விடை சொல்லட்டும். அடுத்த முறை வாகனத்தில் அமர்ந்து அந்தத் துஆவை ஓதும்போது, அதன் கடைசிச் சொல்லில் சற்றே நின்று செல்வோம்.