ஊர்தோறும் கவி – 12: பதிலுக்கு ஒரு பாட்டு

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. அவர்களின் வட்டத்தொட்டியைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லி வந்தபோது, அங்கே கூடிய அன்பர்களுக்குக் கவிதையை அநுபவிப்பதே முதல் நோக்கம் என்று குறிப்பிட்டேன். எழுதுகிறவர்களே ஒருவருக்கு ஒருவர் வாசகராகவும், சமயத்தில் ஆசானாகவும் அமைந்து, ஒருவர் பாடியதற்கு மற்றவர் பாட்டாலேயே மறுமொழி சொல்லுகிற கூட்டம் வேறொரு வகையைச் சேர்ந்தது. அத்தகைய கூட்டம் ஒன்றைக் காண்பதற்காக இந்த வாரம் பெங்களூருக்கு வந்திருக்கிறோம். அல்சூர் ஏரிக்கரையிலும் பசவனகுடியின் மரநிழல்களிலும் தேடினால் அது கண்ணில் படாது. அதன் அங்கத்தினர்கள் பகலெல்லாம் அலுவலகத்திலும் கல்லூரியிலும் தத்தம் ஜீவனோபாயத்தைக் கவனித்துவிட்டு, ஒழிந்த வேளையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, இணையத்தின் வழியே ஒருவரையொருவர் சந்திக்கிறவர்கள்.

கன்னடத்தில் அந்தக் கூட்டத்துக்குப் ‘பத்யபான’ என்று பெயர். செய்யுளைப் பருகுதல் என்று பொருள். 2010-ஐ அடுத்த சில ஆண்டுகளில் உருவான அதற்கு ஊக்கமாகவும் வழிகாட்டியாகவும் இருந்தவர் சதாவதானி ஆர். கணேஷ். 1962-இல் கோலாரில் பிறந்து, பொறியியல் படித்து, பிறகு சம்ஸ்கிருத, கன்னடக் காவியங்களிலும் அலங்கார சாஸ்திரத்திலும் ஆழ்ந்து, கன்னடத்தில் அவதானக் கலையின் வரலாற்றை ஆராய்ந்து ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தில் டி.லிட். பட்டமும் பெற்றவர் அவர். ஆராய்ச்சியோடு நின்றுவிடாமல் அந்தக் கலையைத் தாமே மேடையில் நிகழ்த்திக் காட்டி, கன்னட நாட்டில் அதற்குப் புத்துயிர் ஊட்டினார். 2012 நவம்பர் 30-ஆம் தேதி தொடங்கி மூன்று நாட்கள், பெங்களூர் ஜெயநகரில், நூறு பேர் வினா விடுக்க, முற்றிலும் கன்னடத்திலேயே அவர் சதாவதானம் செய்தபோது, செய்யுள் கேட்பதற்கு இத்தனை ஜனங்கள் வருவார்களா என்று பலரும் வியக்கும்படி அரங்கம் நிரம்பி இருந்தது.

அவதானம் என்பது மேடைக் கலை. அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் சுற்றி அமர்ந்து, ஒருவர் ஈற்றடியைக் கொடுத்துச் செய்யுளைப் பூர்த்தி செய்யச் சொல்லுவார். இன்னொருவர் நான்கு சொற்களைக் கொடுத்து, நான்கு அடியிலும் ஒவ்வொன்று அமையும்படி பாடச் சொல்லுவார். வேறொருவர் பாடுகிறவரின் வாய் திறக்கும்போதே அடுத்து வரக்கூடிய எழுத்தை ஊகித்து, ‘அந்த எழுத்து வேண்டாம்’ என்று தடுத்துக்கொண்டே இருப்பார். மற்றொருவர் சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டுக் கவனத்தைக் கலைப்பார். செய்யுள் கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொண்டு போய், நான்கு சுற்று முடிந்தபின், எழுதி வைத்த குறிப்பு ஏதும் இன்றி எல்லாச் செய்யுளையும் முழுமையாகத் திரும்பச் சொல்ல வேண்டும். இதைக் கண்டு பிரமிப்பது எளிது. ஆனால் அந்தப் பிரமிப்பு, கேட்டவனைக் கைதட்டச் செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறதே அன்றி, அவனையும் ஓர் அடி எழுதிப் பார்க்கும்படி தூண்டுவது அபூர்வம். பத்யபானத்தாரின் பெருமை இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மேடையில் ஒரு மேதை ஒரு க்ஷணத்தில் செய்வதை, அவகாசம் எடுத்துக்கொண்டு, பிழை செய்து, பிழையைத் திருத்திக்கொண்டு, சாதாரண மனிதர்களும் செய்யலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

முறை மிகவும் எளியது. ஒரு வாரம் சமஸ்யை, அதாவது ஈற்றடி. ஒரு வாரம் நான்கு சொற்கள். ஒரு வாரம் வர்ணனைக்கு ஒரு பொருள். ஒரு வாரம் ஒரு படம். ஈற்றடி பெரும்பாலும் விபரீதமான அர்த்தம் தொனிக்கும்படி இருக்கும். அதற்கு முன்வரும் மூன்று அடிகளால் அந்த விபரீதத்தை நீக்கி, நியாயமான பொருளை வருவிப்பதே பாடுகிறவரின் சாமர்த்தியம். நான்கு சொற்கள் தரும்போது, இக்கால வண்டிகளின் பெயர்களைக் கொடுத்துவிட்டுப் பாரதக் கதையைப் பாடு என்பது போன்ற விளையாட்டுகளும் உண்டு; பெயரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்சொல்லோடும் மறுபாதியைப் பின்சொல்லோடும் சேர்த்துக் கன்னடப் பதங்களாகவே ஆக்கிவிடுவார்கள். ஒரே ஈற்றடிக்கு ஒருவர் சிருங்காரமாகவும், ஒருவர் பக்தியாகவும், ஒருவர் பரிகாசமாகவும் பாடியிருப்பதை வரிசையாகப் படித்துக்கொண்டு வரும்போது, பாஷை என்பது எவ்வளவு விசாலமான வீடு, அதில் நாம் தினமும் புழங்குவது எத்தனை சிறிய அறை என்ற எண்ணம் உண்டாகிறது.

பாடியதோடு விஷயம் முடிவதில்லை. கன்னடத்துக் கந்தபத்யத்தில் முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் பன்னிரண்டு மாத்திரை. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் இருபது. ஆக 64 மாத்திரை. நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டும் என்பது மாறாத விதி. அதை ஆதிப்பிராசம் என்பார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதலெழுத்து அளவால் ஒத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றுவதாகிய நம் எதுகைதான் அது. சம்ஸ்கிருத விருத்தங்களைக் கன்னடம் தாராளமாக எடுத்துக்கொண்ட போதிலும், அந்த மொழியில் இல்லாத இந்த நியதியை மட்டும் தன் சொந்தச் சொத்தாக அவற்றின்மேல் ஏற்றிவிட்டது. ஒருவர் இட்ட பாடலில் ஒரு மாத்திரை குறைந்தாலோ, பிராசம் தவறினாலோ, பழங்கன்னடச் சொல்லோடு இக்கால விகுதி கலந்துவிட்டாலோ, சில மணி நேரத்துக்குள் இன்னொருவர் அதைச் சுட்டிக் காட்டுவார். சுட்டுவதோடு நில்லாமல், இப்படி மாற்றினால் பொருந்துமா என்று ஒரு மாற்றுப் பாடமும் தருவார். எழுதியவர் நன்றி சொல்லித் திருத்திய வடிவத்தை மறுபடி இடுவார். சில வேளைகளில் திருத்தம் சொன்னவரின் திருத்தத்திலேயே ஒரு குறை இருப்பதை மூன்றாமவர் காண்பார். முகம் அறியாத பத்துப் பேர் ஒரு செய்யுளின்மீது இவ்வளவு அக்கறை காட்டுவதைப் பார்க்கையில் எனக்கு உண்டாகும் சந்தோஷத்தை மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

முகம் அறியாதவர்கள் கூடும் இடங்களில் விமரிசனம் என்பது ஆபத்தான காரியம். ஒருவன் தன் துக்கத்தை நான்கு வரியில் எழுதி வைத்தால், அது நன்றாக இல்லை என்று சொல்லுவது அவன் துக்கத்தையே பழிப்பதாக அவனுக்குத் தோன்றும். நன்றாக இருக்கிறது என்று வெறுமனே சொல்லுவதால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆகவேதான் இணையத்தில் இடப்படுகிற பெரும்பாலான கவிதைகளுக்கு ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லோ, கூப்பிய கையின் சித்திரமோ பதிலாகக் கிடைக்கிறது. யாப்பு இந்தத் தர்மசங்கடத்திலிருந்து இருவரையும் காப்பாற்றுகிறது. ‘மூன்றாம் சீரில் தளை தட்டுகிறது’ என்று சொல்லும்போது சொல்லுகிறவர் எழுதியவரின் இதயத்தைத் தொடவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு சட்டத்தைச் சுட்டுகிறார். அந்தப் பேச்சு பழகிய பிறகு, மெல்ல மெல்ல உவமையைப் பற்றியும், பாவத்தைப் பற்றியும் பேசுகிற உரிமை தானாகவே வந்துவிடுகிறது.

தமிழுக்கு இந்த அநுபவம் புதியதன்று. உலகளாவிய வலையில் தமிழ் எழுத்து முதன்முதலாகத் தோன்றிய சந்தர்ப்பங்களில் ஒன்று கவிதைக்காகவே அமைந்தது: 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் வெளியிட்டபோது, நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ்க் கவிதைகளும் தம் சொந்த லிபியிலேயே அங்கே இடம் பெற்றன. அடுத்த சில ஆண்டுகளில், எழுத்துரு ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்தக் கஷ்டகாலத்திலேயே, மரபுச் செய்யுளில் ஈடுபாடு கொண்டவர்களை ஒன்று சேர்த்துக் கவிமாமணி இலந்தை இராமசாமி ‘சந்தவசந்தம்’ என்ற குழுவை அமைத்தார். டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த பசுபதி, அசையும் சீரும் அறியாதவர்களும் படிப்படியாகக் கற்கும்படி ‘கவிதை இயற்றிக் கலக்கு’ என்ற யாப்புப் பாடத்தைத் தொடராக எழுதி, பின்னர் நூலாகவும் வெளியிட்டார். அந்தக் குழுவில் கவியரங்கமே நடக்கும். தலைவர் ஒருவர் தலைப்பைக் கொடுத்து, ஒவ்வொரு கவிஞரையும் செய்யுளாலேயே அழைப்பார். அழைக்கப்பட்டவர் தமிழ்த்தாய் வணக்கம், தலைவர் வணக்கம், அவையடக்கம் எல்லாம் முறையாகச் சொல்லித் தம் கவிதையை வைப்பார். அமெரிக்காவில் ஒருவர் உறங்கப் போகும் வேளையில் பெங்களூரில் ஒருவர் எழுந்து அதைப் படித்து, அலுவலகம் புறப்படுவதற்குள் ஒரு வாழ்த்து வெண்பாவைப் பதிலாக இட்டுவிடுவார்.

பாட்டை எழுதி அனுப்பிப் பாட்டைப் பதிலாகப் பெறும் வழக்கத்தின் வேர் இன்னும் பழமையானது. சீட்டுக்கவி என்று நம் பெரியோர்கள் சொன்னது இதைத்தானே? ஏடும் பிறகு காகிதமும் ஆட்கள் கையில் ஊர் விட்டு ஊர் சென்ற காலத்தில், வித்துவான்கள் தம் வேண்டுகோளையும் கோபத்தையும் நட்பையும் விருத்தமாக எழுதி அனுப்பினார்கள். 1919-இல் எட்டயபுரம் மன்னருக்குப் பாரதியார் எழுதியவையும் அந்த மரபில் வந்தவையே. சீட்டுக்கவியைச் சுமந்து செல்ல ஆள் வேண்டியிருந்தது, இப்போது வேண்டியதில்லை. அனுப்புகிறவர் பெரும்புலவராக இருக்க வேண்டும் என்ற நிலையும் மாறி, வங்கிக் குமாஸ்தாவும் மென்பொருள் எழுதுகிற இளைஞனும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இந்தப் பரிவர்த்தனையில் சேர முடிகிறது. இரண்டாவது மாறுதலே பெரிது.

இப்போது இயந்திரமும் துணைக்கு வந்திருக்கிறது. ‘அவலோகிதம்’ என்ற யாப்பு மென்பொருளில் ஒரு பாடலை இட்டால், அசை பிரித்து, சீர் பிரித்து, தளை கண்டு, இது இன்ன பா என்று நொடியில் சொல்லிவிடும். வெண்பாவில் கலித்தளை புகுந்திருந்தால் அதன் கண்ணுக்குத் தப்பாது. இதனால் குழுவிலுள்ள மனிதர்களுக்கு வேலை இல்லாமற் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. தளையெல்லாம் சுத்தமாக அமைந்து, ஈற்றுச்சீர் காசிலோ பிறப்பிலோ முறையாக முடிந்தும், ஒரு வெண்பா உயிரின்றிக் கிடப்பதை எத்தனை முறை பார்க்கிறோம்! எதுகைக்காக இழுத்து வந்த ஒரு சொல், கிழிந்த வேஷ்டிக்குப் பட்டுத்துணியில் ஒட்டுப் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களில் நின்று பயனின்மையும் ஒன்று. அதைக் கண்டுபிடித்து, எழுதியவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல ஒரு சஹிருதயன் வேண்டும். இதுவரை தளை எண்ணுவதில் செலவழிந்த அவனுடைய நேரம் இனி இந்த அருமையான பணிக்கு மிஞ்சும்.

ஈற்றடிக்குப் பாடுவது கவிதையாகுமா, அது புதிர் விடுவிப்பதைப் போன்ற புத்தி விளையாட்டு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நூறு சமஸ்யைகளில் தொண்ணூறு, விடுவித்த அன்றே மறந்து போகத் தக்கவைதான். தன் உள்ளத்தில் எழுந்த பொருளைப் பாடாமல், பிறர் கொடுத்த அடிக்கே பாடிப் பழகியவன் நாளடைவில் சொந்தப் பொருள் இல்லாதவனாகிவிடும் அபாயமும் மெய்யானதே. 1920-களில் தார்வாடில் கன்னடக் கவிஞர் பேந்திரேயும் அவருடைய நண்பர்களும் ‘கெளெயர கும்பு’ என்று, அதாவது தோழர் குழாம் என்று, கூடிப் பாடியபோது அவர்கள் ஈற்றடிகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் காலத்தின் புதிய உணர்ச்சிகளுக்குப் புதிய சந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலிலிருந்து ஒரு மகாகவி எழுந்தார். பத்யபானத்திலிருந்தோ சந்தவசந்தத்திலிருந்தோ அப்படி ஒருவர் எழ வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமாகாது. அப்பியாசத்துக்கான களம் வேறு, சிருஷ்டிக்கான தனிமை வேறு. ஆயினும் களத்தில் கை பழகியவனுக்கு, சொல்ல வேண்டிய பொருள் ஒருநாள் வந்து வாசலில் நிற்கும்போது, சொல் கிடைக்காமல் தவிக்க நேராது.

பெங்களூரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. இந்த நகரம் இரண்டு மொழிகளும் அண்டைவீட்டார்போல் வாழ்கிற இடம். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு கன்னடத்தில் எழுதிப் பெரும்புகழ் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரும் பு.தி. நரசிம்மாச்சாரும் இங்கே வாழ்ந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டு வைத்திருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி அல்சூரில் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, திரிபதிகளைப் பாடிய சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. ஈரடியில் பாடியவருக்கு ஈடாக மூவடியில் பாடியவரை இரு அரசுகளும் பரிமாறிக்கொண்டன. ஆனால் அதே நகரத்தில் கந்தபத்யம் எழுதுகிறவரும் வெண்பா எழுதுகிறவரும், ஒரே எதுகை விதிக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தும், ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பது அரிதாகவே இருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரே படத்தை, அல்சூர் ஏரியின் மாலைநேரப் படமாகவே இருக்கட்டும், இரண்டு கூட்டத்தாருக்கும் கொடுத்து, கன்னடச் செய்யுளைத் தமிழ் லிபியிலும் தமிழ்ச் செய்யுளைக் கன்னட லிபியிலும் பெயர்த்து, பொருளையும் கீழே எழுதி அருகருகே இட்டால் என்ன? இரண்டு மொழியும் அறிந்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதை ஏற்று நடத்த அவர்களுள் நான்கைந்து பேர் போதும். அவர்கள் முன்வந்தால், வரும் செய்யுட்களில் சிறந்தவற்றை இந்தப் பக்கங்களிலேயே வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார்.

அவதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு தமிழ்நாட்டுச் சதாவதானியை விட்டுவிட முடியாது. நாஞ்சில் நாட்டில் இடலாக்குடியில் பிறந்து, 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலரைக் காண அடுத்த வாரம் நாகர்கோவிலுக்குப் போவோம்.