வெண்புள்ளிகளுக்கு லேசரும் ஒளியும்

குஜிலியம்பாறைப் பகுதியில் மழைக்குத்தான் பஞ்சம்; வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. வானம் பார்த்த பூமி என்று பெரியோர் சலித்துக்கொள்ளும் இந்நிலத்தைக் காய்ச்சும் அதே வெயிலின் ஒரு சிறு கூறு, தோலில் வெண்புள்ளி கண்டவர்களுக்கு மருந்தாகின்றது. அக்கூறை மட்டும் பிரித்தெடுத்துக் குழல் விளக்குகளில் அடைத்து, அண்மைக் காலமாக லேசர் கதிரையும் அதற்குத் துணை சேர்த்து மருத்துவர்கள் கையாண்டு வருகின்றனர். இம்முறையைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம் எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது. நெடுங்காலம் இதனை ‘வெண்குஷ்டம்’ என்றே அழைத்து வந்தோம். அப்பெயரே பாதி நோய். தொழுநோய் ஒருவகைக் கிருமியால் வருவது. வெண்புள்ளியோ எக்கிருமியாலும் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. ‘வெண்புள்ளிகள்’ என்றே வழங்கவேண்டும் எனத் தமிழக அரசு 2010-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. இவ்வேறுபாட்டைப் பழைய ஏற்பாடும் அறிந்திருந்தது என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். லேவியர் ஆகமம் 13-ஆம் அதிகாரம், மங்கிய வெண்புள்ளிகள் மட்டுமே உள்ளவரைத் தீட்டற்றவர் என்று 38, 39 ஆகிய வசனங்களில் தனியே பிரித்து வைக்கின்றது. அக்காலத்துக் குரு உணர்ந்திருந்ததை இக்காலத்துப் பெண் பார்க்கும் படலத்தில் நாம் மறந்துவிடுகின்றோம்.

மீன் தின்று பால் குடித்ததால் வந்தது என்னும் பேச்சுக்கும் ஆதாரம் இல்லை. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு அணுக்களே வழிதவறி, அந்நிறமியை உண்டாக்கும் அணுக்களைத் தாக்கி அழிப்பதால் அவ்விடம் வெளுத்துப் போகின்றது. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர் இதற்கு ஆளாகின்றனர். சிலருக்குத் தைராய்டுக் கோளாறும் உடன் இருக்கும் என்பதால் மருத்துவர் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்வார்.

ஒளி மருத்துவம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கார்போகரிசி விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது நம் பழைய வைத்தியம். அவ்விதையில் உள்ள சோரலென் என்னும் பொருள் தோலைப் புற ஊதாக் கதிருக்கு இணங்கச் செய்கின்றது. எகிப்து நாட்டிலும் வேறொரு செடியின் விதை இவ்வாறே பயன்பட்டது; அதிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை 1940-களின் இறுதியில் அந்நாட்டு மருத்துவர் எல் மொஃப்டி வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆனால் இம்மருந்தோடு நம் உச்சிவெயிலில் அளவின்றி நின்றால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் விதை வாங்கித் தாமே பூசிக்கொள்வோர்க்கு இதனை அழுத்திச் சொல்கின்றோம். 1997-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர்கள், உட்கொள்ளும் மருந்து ஏதுமின்றி, 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள குறுகிய புற ஊதா பி கதிர் மட்டுமே நற்பயன் தருவதை வெளியிட்டனர். இன்று பெரும்பாலும் கையாளப்படுவது இதுவே.

இனி லேசருக்கு வருவோம். இதில் இருவகை உண்டு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். எக்ஸைமர் லேசர் 308 நானோமீட்டர் கதிரைச் சிறு இடத்தில் மட்டும் பாய்ச்சுவது. அதுவும் ஒருவகை ஒளிச் சிகிச்சையே. மற்றது கரியமிலவாயு லேசர். இது தோலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை வரிசையாக இடுகின்றது. புண் ஆறும்பொழுது சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள், எஞ்சியுள்ள நிறமி அணுக்களைத் தூண்டுவதாகக் கருதப்படுகின்றது. பூசும் மருந்தும் துளைவழி ஆழமாக இறங்கும். 2012-இல் கொரிய மருத்துவர்கள், வேறு சிகிச்சைக்கு இணங்காத பத்துப் பேருக்கு உடல் முழுவதும் ஒளி கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் இரு மாத இடைவெளியில் இருமுறை இந்த லேசரையும் சேர்த்தனர். லேசர் பட்ட பாதியில் நிறம் கூடுதலாகத் திரும்பியது. பத்துப் பேர் என்பது சிறு தொகைதான். ஆயினும் பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டுகின்றன.

எனினும் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இணங்குவதில்லை. நிறமி அணுக்களின் சேமக்கிடங்கு உரோமக் கால்களில் இருக்கின்றது. ஆகவே முகமும் கழுத்தும் விரைவில் நிறம் பெறும். உரோமமற்ற விரல் நுனியும் உதடும் பிடிவாதம் செய்யும். புள்ளியில் உள்ள முடியும் நரைத்திருந்தால் நம்பிக்கை குறைவு. நிறம் திரும்பிய இடம் மீண்டும் வெளுப்பதும் உண்டு.

உண்மையான இடர்ப்பாடு காலமும் கூலியுமே. ஒளிச் சிகிச்சை வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு மாதத்துக்குக் குறையாமல் நடைபெறவேண்டும். விளக்கின் முன் நிற்பது சில நிமிடங்களே. ஆனால் குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் போய், வரிசையில் நின்று திரும்புவதற்குள் பாதி நாள் கழிந்துவிடும். நூற்பாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது ஒருநாள் கூலி. இரண்டு மாதத்தில் பலர் நின்றுவிடுவதன் காரணம் இதுவேயன்றிச் சோம்பல் அன்று. வீட்டிலேயே பயன்படுத்தத்தக்க கைவிளக்குகளும் இப்பொழுது கிடைக்கின்றன. மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தாலன்றி அவற்றைத் தொடுதல் ஆகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இன்றியமையாதது.

நெற்றியில் பொட்டளவே வெளுத்திருக்கும் பெண்கள் முதலில் ஒட்டுப்பொட்டை நிறுத்திப் பார்க்கவேண்டும். அதன் பசையில் சேரும் ஒருவகை இரசாயனமே நிறமி அணுக்களைக் கொல்வதுண்டு. ரப்பர்ச் செருப்பு வார் படும் இடத்தில் வெளுப்பதும் சிலருக்கு இவ்வகையே.

2022 ஜனவரியில் திறப்பு விழாக் கண்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும், அதற்கு அப்பால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் நமக்கு அணுகத்தக்கவை. தோல் மருத்துவரிடம் முதலில் காட்டுக. லேசர் செய்யலாம் என எவரேனும் கூறினால், “எங்கள் புள்ளி பரவாமல் நின்று எத்தனை மாதம் ஆயிற்று?” என்று அவருடன் சேர்ந்து கணக்கிடுக. பரவிக்கொண்டிருக்கும் நிலையில் தோலில் படும் சிறு காயமும் புதுப்புள்ளியாக வெளுக்கும்; லேசர் இடும் துளையும் காயமே.