அந்தரத்தில் ஆடிய ஷானா!

சர்க்கஸ் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

யானை பந்து ஆடும். சிங்கம் முக்காலியில் உட்காரும். கோமாளி குட்டிக்கரணம் போடுவான். கடைசியில், "பார்" விளையாட்டு! கூடாரத்தின் உச்சியில், கயிற்றில் தொங்கும் ஊஞ்சலில் பெண்கள் பறப்பார்கள். பார்க்கிற நமக்கு மூச்சே நின்றுவிடும்.

பழைய சர்க்கஸில், அப்படிப் பறக்கும் பெண் பெரும்பாலும் சர்க்கஸ்காரர் மகளாகவே இருப்பாள். கூடாரத்திலேயே பிறந்து, கூடாரத்திலேயே வளர்ந்து, பெற்றோரிடம் தொழில் கற்றிருப்பாள்.

ஷானா கரோல் அப்படி வந்தவர் அல்ல!

எழுத்தாளர் மகள்

ஷானா அமெரிக்கப் பெண். தந்தை ஜான் கரோல், சான் பிரான்சிஸ்கோ நகரில் பத்திரிகை எழுத்தாளராக இருந்தவர்.

அந்த நகரில் "பிக்கிள் குடும்ப சர்க்கஸ்" என்று ஒன்று இருந்தது. "பிக்கிள்" என்றால் ஊறுகாய்! 1970-களில் தொடங்கிய சின்ன சர்க்கஸ் அது. சிங்கம் இல்லை, புலி இல்லை, யானையும் இல்லை. மனிதர்களே வித்தை காட்டினார்கள்.

18 வயதில் ஷானா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஊஞ்சல் ஆட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்! தானும் ஏறுவது என்று முடிவு செய்துவிட்டார்.

18 வயது, இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் பிந்திய வயது. உடம்பு வளைகிற சின்ன வயதிலேயே தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

உயிர் யார் கையில்?

கயிறும் ஊஞ்சலும் சுலபத்தில் வசப்படா. முதலில் உள்ளங்கைத் தோல் உரியும். முழங்காலின் பின்புறம் கன்றிப்போகும். பிறகுதான் காய்த்து, மரத்துப்போகும். கை வழுக்காமல் இருக்க, பொடி பூசிக்கொள்ள வேண்டும்.

பழகும்போது இடுப்பில் ஒரு பட்டை கட்டுவார்கள். அதில் ஒரு பாதுகாப்புக் கயிறு. கயிற்றின் மறுமுனை, கீழே நிற்கும் ஆசிரியர் கையில் இருக்கும். மேலே பிடி தவறினால், கீழே அவர் பிடிப்பார். பழகுகிறவர் உயிர் அவர் கையில்!

ஷானா கனடா நாட்டுக்குப் போனார். அங்கே மாண்ட்ரியல் நகரில் சர்க்கஸுக்கென்றே ஒரு தேசியப் பள்ளி இருக்கிறது. 1981-ல் தொடங்கியது. சர்க்கஸ் குடும்பத்தில் பிறக்காதவர்களும் அங்கே கற்கலாம். கயிறு ஏறுவது மட்டும் அல்ல. நடனமும் நடிப்பும் அங்கே பாடம்!

பிறகு, உலகப் புகழ் பெற்ற "சர்க் டு சொலே" சர்க்கஸில் ஷானாவுக்கு இடம் கிடைத்தது. "சால்டிம்பாங்கோ" என்ற காட்சியில், தனி ஊஞ்சல் ஆட்டம் அவருடையது. பல ஊர்கள் சுற்றினார். பல ஆண்டுகள் ஆடினார்.

ஏழு விரல்கள்

பெரிய மேடை இருந்தது. புகழ் இருந்தது. ஆனால் அங்கே முகம் நிறையச் சாயம், விசித்திரமான உடை. ஆடுகிறவர் யார் என்றே தெரியாது!

2002-ல் ஷானாவும் நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து, மாண்ட்ரியலில் சொந்தக் குழு தொடங்கினார்கள். "கையின் ஏழு விரல்கள்" என்று பெயர் வைத்தார்கள்.

"ஐந்து விரலும் ஒன்று போல் இருக்குமா?" என்று நாம் கேட்போம். பிரெஞ்சு மொழியில் வேறு மாதிரி. ஒற்றுமையாக இருப்பவர்களை, "ஒரு கையின் ஐந்து விரல்கள் போல" என்பார்கள். இவர்கள் ஏழு பேர் அல்லவா? ஆகவே ஏழு விரல்கள்!

முதல் காட்சியில், மேடையே ஒரு வீடு போல இருந்தது. 2006-ல் வந்த "டிரேசஸ்" என்ற காட்சியில், ஆடுகிறவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் தாங்களே சொன்னார்கள். வித்தை காட்டுகிறவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான் என்பதைக் காட்டினார்கள். புது சர்க்கஸ் என்பது இதுதான்.

குதிரையின் உயிர்

2024-ல் நியூயார்க் நகரில், "வாட்டர் ஃபார் எலிபன்ட்ஸ்" என்ற இசை நாடகம் நடந்தது. பழைய காலத்து சர்க்கஸ் பற்றிய கதை. அதன் சர்க்கஸ் காட்சிகளை அமைத்தவர் ஷானா. நடன அமைப்புக்காக, இன்னொருவருடன் சேர்த்து அவர் பெயரும் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

கதையில் நோயுற்ற ஒரு குதிரை சாகிறது. மேடையில் நிஜக் குதிரை இல்லை. உயரத்திலிருந்து தொங்கும் துணியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கலைஞர் மேலே, மேலே போகிறார். குதிரையின் உயிர் போவது நம் கண்ணுக்குத் தெரிகிறது!

மிருகங்களை வைத்து வித்தை காட்டியது அன்றைய சர்க்கஸ். ஒரு மிருகத்தின் வேதனையை மனித உடம்பாலேயே சொல்கிறது இன்றைய சர்க்கஸ். 18 வயதில் அண்ணாந்து பார்த்த பெண், இன்று மற்றவர்களை அண்ணாந்து பார்க்க வைக்கிறார்!