மரத்தாலான வெட்டுப் பலகை பராமரிப்பு

வெட்டுப் பலகை என்பது காய்கறி, பழம், மீன், இறைச்சி ஆகியவற்றைக் கத்தியால் நறுக்கும்போது அடியில் வைக்கப்படும் பலகை. தமிழகச் சமையலறைகளில் நெடுங்காலம் அரிவாள்மனையே இந்த வேலையைச் செய்து வந்தது. நின்றுகொண்டு சமைக்கும் மேடைகள் பரவிய பிறகே கத்தியும் பலகையும் வீட்டுக்குள் வந்தன. இறைச்சிக் கடைகளில் மட்டும் மரக்கட்டை முன்பிருந்தே உண்டு. அரிவாள்மனையின் அடிப்பலகைக்கும் இங்குக் கூறப்படுபவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

மரப்பலகை தேய்ந்து கெடுவதைவிட, நீரால் கெடுவதே அதிகம். மரம் அறுபட்ட பின்னும் ஈரத்தை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். அதனால்தான் பலகை நீளத்தில் குறையாமல் அகலத்தில் வளைகிறது, நாரின் போக்கிலேயே வெடிக்கிறது.

மரத் தேர்வு

இறைச்சி வெட்டப் புளியமரக் கட்டையே பெரிதும் விரும்பப்படுகிறது. அதன் வைரம் கடினமானது. நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஓங்கி வெட்டினாலும் எளிதில் பிளக்காது. தாய்லாந்திலும் சமையலறைக் கட்டைகளுக்குப் புளியமரமே பெயர் பெற்றது. அடிமரத்தைக் குறுக்காக அறுத்து எடுக்கும் வட்டக் கட்டையில் நார்கள் மேல்நோக்கி நிற்கும். கத்தி அவற்றை அறுக்காமல் இடையில் இறங்குவதால் கத்தியின் கூர் நீடிக்கும். ஆனால் அதே திறந்த நார்முனைகள் நீரையும் வேகமாகக் குடிக்கும்.

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, அண்ணாகிராமம் பகுதி பலாவுக்கும் முந்திரிக்கும் பெயர் பெற்றது. பலாமரம் புளியைவிட மென்மையானது என்றாலும் காய்கறி நறுக்கப் போதுமானது. புதிதில் மஞ்சளாக இருந்து, நாள்பட நாள்பட பழுப்பேறும். முதிர்ந்த பலாவின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் அண்டுவதில்லை. வெளிப்புற வெள்ளைப் பகுதியோ விரைவில் உளுத்துப்போகும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் இம்மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. வைரம் பாய்ந்த பலா ஒன்று உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட மரத்தில் செய்த பலகை வீட்டில் இருந்தால் அதைப் பேணுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

எல்லா மரமும் உணவுக்கு ஆகாது. எட்டி மரம் நஞ்சுடையது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் வளர்கிறது. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

வேலை முடிந்தவுடன் சிறிது சோப்பும் நீரும் கொண்டு பலகையின் இருபுறமும் கழுவ வேண்டும். ஒருபுறம் மட்டும் நனைந்தால் அந்தப் புறம் உப்பி, பலகை வளையும். தொட்டி நீரில் ஊறப்போடுவது கூடாது. கழுவியபின் துணியால் துடைத்து, காற்றுப் படும்படி நிழலில் நிமிர்த்தி வைக்கலாம். ஈரத்தோடு மேடைமீது படுக்க வைத்தால் அடிப்புறம் காயாமல் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். உச்சி வெயிலில் போடுவது நம் வழக்கம்தான் என்றாலும் வெடிப்புகளில் பல அங்குதான் தொடங்குகின்றன. மஞ்சள் கறைக்கு மட்டும் காலை வெயிலில் சிறிது நேரம் காட்டலாம். ஒளி பட்டால் அந்நிறம் மங்கும்.

மீன் வாடைக்கு எலுமிச்சையோ புளியோ தேய்ப்பது வெறும் நம்பிக்கை அன்று. அவ்வாடையைத் தரும் அமீன்கள் காரத்தன்மை உடையவை. அமிலம் சேர்ந்தால் ஆவியாகாமல் அடங்கிவிடும். பலாப்பழம் அரிந்த பலகையில் ஒட்டிய பாலுக்கு நீர் பயன்படாது. எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பிட வேண்டும்.

மரப்பலகையில் கிருமி தங்கும், பிளாஸ்டிக் பலகையே தூய்மையானது என்ற கருத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவர் குழுவினர் சோதித்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டனர். மரத்தில் இட்ட பாக்டீரியாக்களை மீண்டும் எடுப்பது கடினமாக இருந்தது. கத்திக்கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைத் தூய்மைப்படுத்துவதும் கடினமாக இருந்தது. ஆனாலும் கோழி வெட்டிய பலகையில் உடனே வெள்ளரிக்காய் நறுக்க இது அனுமதி ஆகாது. பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை வைப்பதே சரி. 4 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி மணமற்ற குளோரின் ப்ளீச் கலந்து அதைத் துடைத்து, சில நிமிடம் விட்டு, நல்ல நீரில் அலசலாம்.

எண்ணெய் இடுதல்

நீர்த்துளி பலகையில் முத்தாக நிற்காமல் உறிஞ்சப்பட்டால் எண்ணெய் இட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நன்கு காய்ந்த பலகையில் துணியால் தடவி, இரவு முழுதும் விட்டு, மறுநாள் மிகுதியைத் துடைத்தெடுக்க வேண்டும். ஓரங்களில் நார்முனைகள் திறந்திருப்பதால் அங்கு இருமுறை இடுவது நல்லது.

எந்த எண்ணெய் என்பதில்தான் தவறு நேர்கிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நாளடைவில் சிக்குப் பிடித்துக் காறல் வாடை தரும். தேங்காய் எண்ணெய் மெதுவாகக் கெடும் என்பதால் அவசரத்துக்கு மெல்லத் தடவலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடுவதே இல்லை; அதில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் நீர் இன்னும் நன்றாகத் தடுக்கப்படும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகி நல்ல படலம் தரும். ஆனால் வண்ணப்பூச்சுக் கடையில் விற்கும் காய்ச்சிய வகையில் உலோக உப்புகள் கலந்திருக்கும் என்பதால் அது உணவுப் பலகைக்கு வேண்டாம். அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். விரித்துக் காயவிட வேண்டும்.

பண்ருட்டி வட்டாரத்தவர் தனியே நினைவில் கொள்ள வேண்டியது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய். படகுக்கும் மரச்சாமானுக்கும் பூச்சாகப் பயன்பட்டு வந்த சரக்கு அது; கரையானைத் தடுக்கும். இருப்பினும் அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைக் கொப்புளிக்கச் செய்பவை. கொட்டை உடைப்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வது இதனால்தான். கதவுக்கு நல்லது பலகைக்கும் நல்லது என்று எண்ணி அதைத் தடவிவிடக் கூடாது.

பழுது பார்த்தல்

மேலோட்டமான கீறல்களை உப்புத்தாளால் நாரின் போக்கில் தேய்த்து மீண்டும் எண்ணெயிடலாம். ஆழமாகக் குழிந்திருந்தால் தச்சரிடம் கொடுத்து இழைத்து வாங்குவது மேல். வளைந்த பலகையை, குழிந்த பக்கம் கீழாக இருக்கும்படி ஈரத்துணிமீது வைத்து, மேலே பாரம் ஏற்றினால் ஓரிரு நாளில் பெரும்பாலும் நிமிரும். பிறகு இருபுறமும் காற்றுப்பட உலர்த்தி எண்ணெயிட வேண்டும். கத்தி நுனி நுழையும் அளவு பிளவு விழுந்த பலகையையும் உளுத்துத் தூள் கொட்டும் பலகையையும் சமையலிலிருந்து விலக்கிவிட வேண்டும். பிளவு மட்டும் விழுந்தது என்றால் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கி வைக்க அது இன்னும் சில ஆண்டு உதவும்.