எஞ்சினை மாத்துறதுக்கு முன்னாடி படகைத் தட்டிப் பாருங்க

இந்த எபிசோட் ஒரு நேயர் அனுப்பின கேள்விக்கான பதில். அவர் சென்னையில ஐடி வேலை பார்க்கிறார். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை கிராமம். அப்பா நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய ஃபைபர் வள்ளத்தை, 9.9 ஹெச்பி மண்ணெண்ணெய் அவுட்போர்டு எஞ்சினோட சேர்த்து வாங்கியிருக்கார். இப்போ எஞ்சின் அடிக்கடி மக்கர் பண்ணுது. ரெண்டு தடவை கடல்லேயே நின்னுபோய், வேற வள்ளத்துல கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்காங்க. "இனிமே இதுல காசு போடாதீங்க, புதுசு வாங்குங்க"ன்னு மெக்கானிக் சொல்லிட்டார். அம்மாவோட நகையை அடகு வைக்கலாம்னு வீட்டுல பேச்சு நடக்குது. "நான் என்ன சொல்லட்டும் அண்ணா?" இதுதான் கேள்வி.

பைக் நின்னா ஓரமா தள்ளிட்டுப் போயிடலாம். கடல்ல ஓரம் கிடையாது. எஞ்சின் நின்ன படகை நீரோட்டம் இழுக்கும், காத்து திருப்பும், அலை பக்கவாட்டுல வந்து அடிக்கும். அதனால "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கலாம்"ங்கிற பதிலை நான் சொல்லப்போறதில்லை. அதே சமயம், எஞ்சின் நிக்குதுங்கிறதுக்காக உடனே புதுசு வாங்கணும்னும் இல்லை. மூணு கேள்விக்கு வரிசையா பதில் தேடணும்.

முதல் கேள்வி: படகு எப்படி இருக்கு?

பிரச்சினை எஞ்சின்ல, நான் ஏன் படகைப் பத்திக் கேக்குறேன்? 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில கட்டுமரங்களோட இடத்தை ஃபைபர் படகுகள் பெரிய அளவுல பிடிச்சது. ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனா அதுக்கும் வயசாகும். படகோட பின்பக்கம், மீனவர்கள் அமரம்னு சொல்ற இடத்துல, எஞ்சினை மாட்டுற பலகை இருக்கும். பல படகுகள்ல இது முழுசா ஃபைபர் கிடையாது. நடுவுல பிளைவுட், ரெண்டு பக்கமும் ஃபைபர். ஆணி, போல்ட் போட்ட ஓட்டை வழியா தண்ணி உள்ளே போனா, வெளியே பளபளன்னு இருக்கும்போதே உள்ளே மரம் இத்துப்போகும்.

கண்டுபிடிக்க ரொம்ப செலவு ஆகாது. ஒரு ரூபாய் நாணயத்தாலயோ சின்ன சுத்தியாலயோ பலகை முழுக்கத் தட்டிப் பாருங்க. நல்ல இடத்துல "டக்"னு கெட்டியா சத்தம் வரும். இத்துப்போன இடத்துல மொத்தையா, மந்தமா கேக்கும். அப்புறம் எஞ்சினோட அடிப்பகுதியைப் பிடிச்சு மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க. பலகையும் சேர்ந்து வளைஞ்சா, அது எந்த எஞ்சினையும் தாங்கிற நிலையில இல்லைன்னு அர்த்தம். அங்கே புது எஞ்சினை மாட்டினா, எஞ்சினோட சேர்ந்து பலகையும் கழண்டு கடலுக்குள்ள போற ஆபத்து இருக்கு.

ரெண்டாவது கேள்வி: எஞ்சின் உண்மையிலேயே செத்துடுச்சா?

எஞ்சின் நின்னுபோறதுக்கு சின்ன காரணமும் இருக்கலாம், பெரிய காரணமும் இருக்கலாம். டேங்க்ல தண்ணி கலந்த எண்ணெய், அடைச்ச கார்புரேட்டர், வெடிச்ச எரிபொருள் குழாய், கரி படிஞ்ச ஸ்பார்க் பிளக், இதெல்லாம் சின்னது. அதுவும் இது மண்ணெண்ணெய் எஞ்சின். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு வரணும். இதை விட்டுட்டா அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும், கரியும் சீக்கிரம் படியும்.

பெரிய காரணத்தைக் கண்டுபிடிக்க கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. பிளக்கைக் கழட்டி, அந்த இடத்துல ஒரு மீட்டரை மாட்டி, கயிறை நாலஞ்சு தடவை இழுத்தா, சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் உருவாகுதுன்னு தெரியும். இந்த அளவு எஞ்சின்ல வழக்கமா ரெண்டு சிலிண்டர். ரெண்டுக்கும் நடுவுல 10, 15 சதவீதத்துக்குள்ள வித்தியாசம் இருந்தா பரவாயில்லை. ஒண்ணு 110 பிஎஸ்ஐ, இன்னொண்ணு 105ன்னா கவலை வேண்டாம். 110, 70ன்னு வந்தா கேஸ்கெட், பிஸ்டன் ரிங், இல்ல சிலிண்டர் சுவர், இதுல ஏதோ ஒண்ணு போயிருக்கு, பிரிச்சுத்தான் பாக்கணும்.

அடுத்து கியர் ஆயில். வடிச்சுப் பாக்கும்போது பால் டீ நிறத்துல வந்தா உள்ளே தண்ணி போகுது. பெரும்பாலும் சீல் மாத்தினா சரியாகும். ஆயில்ல இரும்புத் துணுக்கு மினுங்கினா கியர் தேயுது, அது செலவு. எஞ்சின் ஓடும்போது பின்னாடி பீச்சுற தண்ணியையும் கவனிங்க. அது மெலிஞ்சா, உள்ளே தண்ணியை இழுக்கிற ரப்பர் சக்கரம் தேய்ஞ்சிருக்கலாம், இல்ல உப்பு அடைச்சிருக்கலாம். சக்கரம் சின்ன சாமான்தான். மாத்தாம ஓட்டினா எஞ்சினே சூட்டுல பிடிச்சுக்கும்.

இன்னொரு விஷயம் உதிரிபாகம். அந்த மாடலுக்குக் கடையில சாமான் வருதா, இல்ல செத்த எஞ்சின்ல இருந்து கழட்டித்தான் போடணுமா? ரெண்டாவதுன்னா, இன்னைக்குச் சரி பண்ணாலும் அடுத்த தடவை சாமானுக்காகக் கரையிலேயே காத்துக் கிடக்கணும்.

மூணாவது கேள்வி: ஒரு நாளைக்கு என்ன செலவு?

இங்கே நான் சொல்ற தொகை எல்லாம் கணக்கு புரியறதுக்கான உதாரணம். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. எஞ்சினைப் பிரிச்சு முழுசா சரி பண்ண 40,000 ரூபாய், அது ஒரு வருஷம், 200 கடல் நாள் ஓடும்னு வைங்க. நாளைக்கு 200 ரூபாய். புது எஞ்சின் 1,60,000, நகை அடகு வட்டி 40,000, மொத்தம் 2,00,000. அஞ்சு வருஷத்துல 1,000 நாள் ஓடினா, அதுவும் நாளைக்கு 200 ரூபாய்தான்!

அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? தொழிலுக்குப் போகாத நாளை வெச்சு. பழைய எஞ்சின் வருஷத்துல 15 நாள் படுத்துக்கிச்சு, ஒரு நாள் வருமானம் 1,500ன்னு எடுத்துக்கிட்டா, 22,500 ரூபாய் நஷ்டம். 62,500 ரூபாயை 185 நாளுக்குப் பிரிச்சா, நாளைக்கு 338 ரூபாய் ஆகிடும். ஆனா டெஸ்ட்ல எல்லாம் நல்லா வந்து, கார்புரேட்டரும் ரப்பர் சக்கரமும் மாத்த 8,000 ரூபாய்ல வேலை முடிஞ்சா, நாளைக்கு 40 ரூபாய்தான். அதனாலதான் டெஸ்ட் எடுக்காம நகையைத் தொடாதீங்கன்னு சொல்றேன்.

"வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்குவோமே"ன்னு ஒரு ஆசை வரும். தண்ணியைத் தள்ளிக்கிட்டே போற நீளமான வள்ளத்துக்கு, அதோட நீளமே ஒரு வேக எல்லையைப் போடும். தண்ணியைத் தொடுற நீளம் 25 அடின்னா, சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதுக்கு மேல பெரிய எஞ்சின் போட்டா எண்ணெய்தான் கூடுதலா எரியும். எடையும் கூடி, அமரம் தண்ணில அமுங்கும். அதே ஹெச்பி போதும். எஞ்சினோட கால் நீளம் மட்டும் பழையதோட ஒத்துப்போகணும். 15 இன்ச், 20 இன்ச்னு தனித்தனியா வருது.

என் பதில் இதுதான். பலகை கெட்டியா இருந்து, கம்ப்ரெஷன் போயி, சாமானும் கிடைக்கலைன்னா, மெக்கானிக் சொன்னது சரி, மாத்துங்க. கம்ப்ரெஷன் நல்லா இருந்தா முதல்ல சரி பண்ணுங்க. ஆனா சரி பண்ணதுக்கு அப்புறம் சில நாள் கரைக்குப் பக்கத்துலேயே, இன்னொரு வள்ளத்தோட சேர்ந்துதான் போகணும். பலகையும் இத்து, எஞ்சினும் போயிருந்தா, பலகைக்கான பணத்தை முதல்ல ஒதுக்குங்க. அவுட்போர்டுல ஒரு வசதி, அதைக் கழட்டி நாளைக்கு வேற படகுல மாட்டிக்கலாம். உள்ளே பொருத்துற இன்போர்டு எஞ்சினுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. இத்துப்போன படகுல அதைப் போட்டா பணம் படகோடயே போயிடும்.

மீன்வளத் துறை அலுவலகத்துல எஞ்சினுக்கு மானியத் திட்டம் இப்போ ஏதாவது இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிங்க. புதுசு வாங்கினா முதல் பத்து மணி நேரம் முழு வேகத்துல முறுக்க வேண்டாம். கரைக்கு வந்ததும் தினமும் நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவுங்க. புது எஞ்சினா இருந்தாலும் துடுப்பு, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், ரெண்டு ஸ்பேர் பிளக், இதெல்லாம் வள்ளத்துல எப்பவும் இருக்கட்டும்.