குஞ்சுப் பருவமும் கோழியின் நலமும்

கூட்டில் அடைபட்ட கோழி துன்புறும். திறந்த வெளியில் உலவும் கோழி இன்புறும் என்பது பலர் கொள்ளும் கருத்தாகும். இக்கருத்துப் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. வெளியைப் பயன்படுத்தும் ஆற்றல் கோழிக்குக் குஞ்சுப் பருவத்திலேயே அமைதல் வேண்டும்.

அம்பாறை மாவட்டக் கரையோரத்துப் பாலமுனை போன்ற ஊர்களின் மணல் வளவுகளில் நாட்டுக்கோழி வளரும் முறையை நோக்குவோமாயின் இவ்வுண்மை புலப்படும். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்த தாய்க்கோழி மண்ணைக் கிளறி, இரை கண்டவிடத்துக் குரல் கொடுத்துக் குஞ்சுகளை அழைக்கும். பருந்தைக் கண்டால் அது எழுப்பும் ஒலி வேறு. குளிர் வந்துற்றபோது குஞ்சுகள் அதன் சிறகின் இருளில் ஒடுங்கும். சிறகு வலுத்தபின் மரக்கிளையிலேறி உறங்கப் பழகும்.

பொறியிற் பொரித்த குஞ்சுகளுக்குத் தாயில்லை. கிளறுதற்குக் கூளமும் மணலும் இல்லாத தரையில் அவை வளருமாயின், இரைதேடிக் கொத்தும் இயல்பு உடனுறையும் குஞ்சுகளின் இறகுகள்மேற் செல்லும். இப்பழக்கம் வேரூன்றினால், பின்னர் வெளியில் விடப்பட்ட காலத்தும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திப் புண்படுத்தும். சில மாண்டும் போகும்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் குன்னர்சன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஈண்டு கருதத்தக்கது. ஒரு பகுதிக் குஞ்சுகளுக்குத் தொடக்கத்திலேயே ஏறியமரக் கம்புகள் கொடுக்கப்பட்டன. மறு பகுதிக்கு 8 வாரத்தின் பின்னரே கொடுக்கப்பட்டன. 15 வாரமளவில் எல்லாக் கோழிகளும் கம்புகளிலேயே உறங்கின. எனினும் 16ஆம் வாரத்தில் உணவை உயரத்தில் வைத்துச் சோதித்தபோது, 40 சதமமீற்றர் உயரத்தில் வேறுபாடு தோன்றவில்லை. உயரம் மிகுந்து வழி அரிதானபோது, பிந்திக் கம்பு பெற்றவை பின்தங்கின. குறைந்தது உடல் வலிமையன்று. இடத்தை அளந்தறியும் திறனே என ஆய்வாளர் கருதினர். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது கோழிக்கும் பொருந்துவதாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் வெறுமையான கம்பிக்கூடுகளை 2012ஆம் ஆண்டு தொடக்கம் விலக்கியது. ஆயினும் கூட்டை நீக்குதல் மட்டும் போதாது. முதல் நாள்முதற் கூளம், முதல் வாரங்களிலேயே தாழ்ந்த கம்புகள், தாயின் சிறகையொத்த இருண்ட வெப்ப மறைவிடம் என்பன வேண்டும். அம்மறைவிடத்தில் உறங்கும் குஞ்சுகள் விழித்துத் திரியும் குஞ்சுகளின் கண்ணிற் படாமையால் இறகு கொத்தல் குறைதலை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பொரிப்பகத்துக் குஞ்சுகளை வாங்கி வளவில் விட எண்ணும் குடும்பத்தார்க்கும் இது பயன்படும். முட்டையின் வருவாயை நம்பிய எளிய இல்லத்திற்கு ஒரு கோழியின் இழப்பும் சிறிதன்று. வாயிலைத் திறந்து விடுதற்கு முன்னரே, வெளியில் வாழும் வகையைக் குஞ்சுக்குப் பழக்குதல் வளர்ப்போரின் கடனாகும்.