வடிவமும் வருவாயும்: நாணயப்பொறி விளையாட்டுகள் வீட்டுக்குப் பெயர்ந்தமை பற்றிய ஒரு நோக்கு

உழைப்பின் நடுவே பிறந்த ஒரு கலைவடிவம் அச்சூழலை விட்டுப் பெயரும்போது எதனை இழக்கின்றது, எதனைச் சுமந்து செல்கின்றது என்பது நாட்டாரிலக்கிய ஆய்வாளர் நன்கறிந்த வினாவாகும். சம்மாந்துறையின் களவெட்டிகளில் மாடுகளைக் கொண்டு சூடு மிதித்த காலத்தில், பொலிப்பாட்டின் தாளம் மாட்டின் நடையோடு இணைந்திருந்தது. பாட்டு அச்சேறியபோது மாடுகள் மறைந்தன. திரும்பத் திரும்ப வரும் விளி எஞ்சியது. இதே வினாவை வெகுசனப் பொழுதுபோக்கு ஒன்றின் மீது எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாணயமிட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறிகள் 1970களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பரவின. ஆடுபவர் நெடுநேரம் நின்றால் பொறியின் உரிமையாளருக்கு நட்டம். உடனே தோற்றால் அவர் மீண்டும் வரமாட்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையே அவ்விளையாட்டுகளின் உருவத்தை நிர்ணயித்தது. எண்ணி அளிக்கப்படும் ‘உயிர்கள்’, படிப்படியாகக் கூடும் கடினம் என்பன அழகியல் தெரிவுகள் மட்டுமல்ல. வருவாய் ஈட்டும் முறையின் வெளிப்பாடுகளுமாகும்.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அதன் 55 படையெடுப்பாளர்களும் சுடப்பட்டுக் குறையக் குறைய, எஞ்சியோர் விரைவாக நகர்வர். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் பொறியின் வேகம் கூடியதே இதற்குக் காரணம். கருவியின் குறைபாடு ஆட்டத்தின் பதற்றமாக மாறியது.

1980இல் இவ்விளையாட்டு அட்டாரி 2600 என்னும் வீட்டுப் பொறிக்கு வந்தது. அப்பொறியின் தற்காலிக நினைவகம் 128 பைட் மட்டுமே. படையெடுப்பாளர் 36 ஆகக் குறைந்தனர். ஆயின் ஒருமுறை விலைகொடுத்து வாங்கியவருக்கு 112 ஆட்டவகைகள் வழங்கப்பட்டன. கடையில் ஆட்டத்தை முடித்துவைப்பது இலாபம். வீட்டில் அதனைப் பெருக்கிக் காட்டுவதே விற்பனை. எனினும் நாணயம் கேட்காத வீட்டிலும் மூன்று உயிர்கள் என்ற கணக்கு நீடித்தது. அடித்தளம் மாறிய பின்னரும் வடிவம் எஞ்சி வாழ்வதை இங்கு காண்கிறோம்.

பெயர்ப்பின் குறைகளுக்குக் கருவியை மட்டும் பொறுப்பாக்குவது பொருந்தாது. 1982இல் அதே பொறிக்கு வெளிவந்த ‘பேக்-மேன்’ 4 கிலோபைட் பேழைக்குள் அடக்கப்பட்டது. நான்கு பேய்களும் ஒரே வேளையில் தோன்றாது மாறிமாறி மின்னின. 70 இலட்சத்துக்கு மேல் விற்பனையான போதிலும் அது பலரை ஏமாற்றியது. ஆனால் 1983இல் 8 கிலோபைட் பேழையில் வந்த ‘மிஸ் பேக்-மேன்’ மூலத்துக்கு மிக நெருங்கி நின்றது. பொறி ஒன்றே, ஒதுக்கப்பட்ட நினைவகமே வேறு. நினைவகம் என்பது செலவு. செலவு என்பது நிறுவனத்தின் முடிவு.

எனவே ஒரு பெயர்ப்பை மூலத்தோடுள்ள ஒற்றுமையால் மட்டும் அளப்பது போதுமான விமர்சனமாகாது. மூலம் எவ்வுறவுகளுக்குள் பிறந்தது, புதிய வடிவம் எவ்வுறவுகளுக்குள் புகுந்தது என்ற இரண்டையும் ஒருங்கே நோக்க வேண்டும். அச்சிலுள்ள பொலிப்பாட்டை வாசிப்பவர் மாட்டின் நடையையும் நினைவிற்கொண்டால்தான் அதன் தாளம் விளங்கும். வீட்டுத் திரையில் மூன்றாவது உயிரை இழப்பவரும், தம்மிடம் முன்னர் கேட்கப்பட்டிருக்கக்கூடிய நாணயத்தை நினைத்துப் பார்த்தல் தகும்.